சாண்டோ பனியனுக்குப் பெயர் தந்தவர்: ஆண் உடம்பையே விளம்பரமாக்கிய யூஜின் சாண்டோ யார்?

துணிக்கடையில சாண்டோ பனியன் கொடுங்கன்னு கேட்டா, கடைக்காரர் மறுகேள்வி கேட்காம கையில்லாத பனியனை எடுத்து வைப்பார். தமிழ் சினிமா தெரிஞ்சவங்களுக்கு சாண்டோ சின்னப்பா தேவர்ங்கிற பெயரும் பழக்கம்தான். ஆனா இந்த 'சாண்டோ' யார்னு கேட்டா, பலருக்கும் பதில் தெரியாது.

அது ஒரு மனிதரோட பெயர். யூஜின் சாண்டோ. பிறந்தது ஜெர்மானிய பிரஷ்யாவில், புகழ் பெற்றது லண்டனில், பணம் பார்த்தது உலகம் முழுக்க. ஒரு ஆணின் சட்டை இல்லாத உடம்பைக் காட்டி பொருள் விற்க முடியும்னு பெரிய அளவில் நிரூபித்த முதல் ஆட்களில் ஒருவர். இன்று ஜிம் விளம்பரம், உள்ளாடை விளம்பரம், புரோட்டீன் பவுடர் டப்பா என எதில் பார்த்தாலும் கட்டுமஸ்தான ஓர் ஆண் நிற்கிறார் இல்லையா? அந்த வழக்கத்தின் தொடக்கத்தில் நிற்பவர் சாண்டோ.

அவர் விற்றது என்ன, அதற்குக் கொடுத்த விலை என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

பெயரை மாற்றிக்கொண்ட இளைஞர்

1867 ஏப்ரல் 2. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அந்த ஊர் ரஷ்யாவிடம் இருக்கிறது, பெயர் கலினின்கிராட். பெற்றோர் வைத்த பெயர் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் முல்லர்.

பதினெட்டு வயது வாக்கில், கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்பிக்க ஊரை விட்டுக் கிளம்பினார். சர்க்கஸ்களில் வித்தை காட்டிப் பிழைத்தார். தாய்வழிக் குடும்பப் பெயரை ஒட்டி சாண்டோ என்ற மேடைப் பெயரை வைத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது.

பிரஸ்ஸல்ஸ் நகரில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். லூயிஸ் டுர்லாக்கர் என்ற அந்தப் பயில்வான், 'பேராசிரியர் அட்டிலா' என்ற பெயரில் பிரபலம். கனமான எடைகளை வைத்துப் பயிற்சி செய்வது எப்படி, அதை மேடையில் கூட்டம் ரசிக்கிற மாதிரி காட்டுவது எப்படி என இரண்டையும் அட்டிலாதான் கற்றுக்கொடுத்தார்.

ஒரே சவாலில் லண்டன் வசம்

1889ல் லண்டனின் ராயல் அக்வேரியம் அரங்கில் சாம்சன் என்ற பயில்வான் தினமும் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். சங்கிலியை அறுப்பார், இரும்புக் கம்பியை வளைப்பார். தன்னை ஜெயிப்பவருக்கு 500 பவுண்டு பரிசு என்றும் அறிவித்திருந்தார். கூடவே சைக்ளோப்ஸ் என்ற சீடர் வேறு.

சாண்டோ முதலில் சீடரைத் தோற்கடித்தார். நவம்பர் 2ஆம் தேதி குருவையும் தோற்கடித்தார். பார்வையாளர் கூட்டத்திலிருந்து கனவான்கள் அணியும் மாலை நேர உடையில் மேடையேறிய இளைஞர், கோட்டைக் கழற்றியதும் உள்ளே இருந்த உடம்பைப் பார்த்து அரங்கமே வாயடைத்துப் போனதாக அந்தக் கதை சொல்லப்படுகிறது.

அதை வெறும் வித்தை என்று ஒதுக்கிவிட முடியாது. உடையை மெதுவாகக் கழற்றி, உள்ளே இருப்பதைக் காட்டி கூட்டத்தை மயக்குவது பின்னாளில் விளம்பர உலகம் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய உத்தி. சாண்டோ அதன் பலத்தை 22 வயதிலேயே நேரில் பார்த்துவிட்டார்.

எடையைப் பார்க்க வந்தார்களா, உடம்பையா?

1893ல் அமெரிக்கா போனார். அது சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த வருடம். அங்கே ட்ரொகடெரோ என்ற அரங்கை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் ஜீக்ஃபெல்ட் என்ற இளைஞர் சாண்டோவை ஒப்பந்தம் செய்தார். ஜீக்ஃபெல்டுக்கு அப்போது 26 வயது. பின்னாளில் பிராட்வேயில் அழகிகளை வரிசையாக நிறுத்தி ஜீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற ஆடம்பர நிகழ்ச்சி நடத்திப் புகழ் பெற்றவர் இவர்தான். ஆனா அவர் முதலில் காட்சிக்கு வைத்தது ஓர் ஆணை.

ஜீக்ஃபெல்ட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாண்டோ எவ்வளவு எடை தூக்குகிறார் என்பதில் கூட்டத்துக்குப் பெரிய ஆர்வம் இல்லை. தூக்கும்போது அவருடைய தசைகள் எப்படி அசைகின்றன என்பதைத்தான் எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள். அதனால நிகழ்ச்சியையே மாற்றினார். சாண்டோ சும்மா நின்று ஒவ்வொரு தசையாக முறுக்கிக் காட்டுவது தனி அம்சமானது.

அறக்கட்டளைக்கு 300 டாலர் நன்கொடை கொடுக்கும் பெண்கள் மேடைக்குப் பின்னால் வந்து சாண்டோவின் தசையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அறிவிப்பு வந்தது. சிகாகோவின் பெரும் பணக்கார வீட்டுப் பெண்களே முன்வந்தார்கள். மறுநாள் பத்திரிகைகளுக்கு வேறு செய்தி தேவைப்படவில்லை. செலவில்லாமல் கிடைத்த விளம்பரம்!

அத்தி இலை, வெள்ளைப் பவுடர், போட்டோ

அந்தக் காலத்து விக்டோரிய சமூகம் ரொம்பக் கட்டுப்பெட்டியானது. ஆண் என்றாலும் பொதுவெளியில் உடம்பைக் காட்டுவது அநாகரிகம். அப்படியிருக்க, சாண்டோவால் மட்டும் எப்படி முடிந்தது?

பதில், பழைய கிரேக்கச் சிலைகள். அருங்காட்சியகத்தில் நிர்வாணச் சிலையைப் பார்ப்பதைக் கலை ரசனை என்று மதித்த சமூகம் அது. சாண்டோ உடம்பில் வெள்ளைப் பவுடர் பூசி, பளிங்குச் சிலை மாதிரி போஸ் கொடுத்தார். சில படங்களில் ஹெர்குலிஸ் போல தோலைப் போர்த்தி நின்றார், சிலவற்றில் இடுப்பில் ஓர் அத்தி இலை மட்டும். நியூயார்க்கின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் நெப்போலியன் சரோனி போன்றவர்கள் எடுத்த இந்தப் படங்கள் அட்டைகளாக அச்சாகி விற்பனையாகின. பெண்களும் வாங்கினார்கள், ஆண்களும் வாங்கினார்கள்.

வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்கள்? சிலருக்கு அது கலை. சிலருக்கு அது உடற்பயிற்சிக்கான மாதிரி. வெளியே சொல்ல முடியாத ஆசைகளோடு வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆண்களிடையேயான உறவு சிறைக்குரிய குற்றமாக இருந்த காலம் அது. ஆஸ்கார் வைல்டுக்கு இதே காரணத்துக்காக 1895ல் லண்டனில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே நகரில் சாண்டோவின் அத்தி இலைப் படங்கள் எந்தத் தடையும் இல்லாமல் விற்றன. கலை, ஆரோக்கியம் என்ற இரண்டு வார்த்தைகள் அவருக்குக் கவசமாக நின்றன.

1894 மார்ச்சில் தாமஸ் எடிசனின் ஸ்டூடியோவுக்கும் போனார். நியூஜெர்சியில் இருந்த அந்தக் கறுப்புக் கொட்டகையில் கேமரா முன் தசைகளை முறுக்கிக் காட்டினார். ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தப் படம்தான் உலகின் ஆரம்பகால சினிமாக்களில் ஒன்று. அதே ஏப்ரலில் நியூயார்க்கில் காசு கொடுத்துப் படம் பார்க்கும் கடை திறந்தபோது, காட்டப்பட்ட படங்களில் சாண்டோவும் இருந்தார். சினிமாவில் கதை சொல்லத் தொடங்கும் முன்பே ஓர் ஆணின் உடம்பு அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

சொதப்பிய சிங்கச் சண்டை

எல்லாமே வெற்றி இல்ல. 1894ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு சண்டை என்று பெரிதாக விளம்பரம் செய்தார்கள். கூட்டம் அலைமோதியது. கடைசியில் பார்த்தால் சிங்கத்தின் வாய்க்கு மூடி, கால்களுக்கு உறை! பாவம், அந்தச் சிங்கத்துக்குச் சண்டை போடும் எண்ணமே இல்லை. ஏமாந்த கூட்டம் கேலி செய்தது. விளம்பரம் சொல்வதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

உடம்பு எப்படி சரக்கானது?

அமெரிக்காவில் உடம்பைக் காட்டிச் சம்பாதித்த சாண்டோ, லண்டன் திரும்பியதும் இன்னொரு படி மேலே போனார். என் உடம்பைப் பாருங்கள் என்பது மாறி, இது உங்களுக்கும் கிடைக்கும் என்பது வந்தது. வியாபாரத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கு.

1897ல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் உடற்பயிற்சி நிலையம் திறந்தார். அது கிளப்புகளும் கனவான்களும் நிறைந்த, பணக்காரர்கள் புழங்கும் பகுதி. அதே வருடம் வலிமை பெறுவது எப்படி என்று ஒரு புத்தகம். 1898ல் சொந்தப் பத்திரிகை. அதன் பக்கங்களில் சாண்டோவின் ஸ்பிரிங் டம்பெல், ரப்பர் இழுவைக் கருவி, தபால்வழிப் பயிற்சி என எல்லாவற்றுக்கும் விளம்பரம். ஆலோசனை சொல்பவர், மாடல், பத்திரிகை முதலாளி, கடைக்காரர் என எல்லாமே ஒரே ஆள்! இன்றைக்கு சமூக ஊடகத்தில் ஃபிட்னஸ் இன்ஃப்ளூயன்சர்கள் செய்வதும் இதே கணக்குதான்.

இந்த விற்பனைக்கு ஒரு கதையும் தேவைப்பட்டது. சின்ன வயதில் தான் நோஞ்சானாக இருந்ததாகவும், தந்தையோடு இத்தாலி போய் பழைய வீரர்களின் சிலைகளைப் பார்த்த பிறகுதான் உடம்பை வளர்க்கத் தொடங்கியதாகவும் சாண்டோ சொல்லிக்கொண்டார். அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் பலர் இதை அப்படியே நம்புவதில்லை. ஆனா விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. முன்பு நோஞ்சான், இப்போது பயில்வான். நானே இப்படி மாறினேன் என்றால் உங்களால் முடியாதா?

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. சாண்டோ தபாலில் விற்ற பயிற்சி, லேசான டம்பெல்களை வைத்துச் செய்வது. அவருடைய சொந்த உடம்போ அட்டிலாவிடம் கனமான எடைகளைத் தூக்கியும், வருடக்கணக்காக மேடையில் வித்தை காட்டியும் உருவானது. கூடவே பிறவியிலேயே அமைந்த உடல்வாகு வேறு. லேசான பயிற்சியால் லட்சக்கணக்கானவர்களுக்கு ஆரோக்கியம் கிடைத்திருக்கலாம். அட்டைப்படத்தில் இருந்த அந்த உடம்பு கிடைத்திருக்க வாய்ப்பு குறைவு. வாங்கியவர்கள் கண்ணாடி முன் நின்றபோது குறை பயிற்சியில் இருக்கிறது என்று நினைக்கவில்லை, தங்களிடம் இருக்கிறது என்றே நினைத்தார்கள்.

இந்த மனநிலையை இலக்கியமும் பதிவு செய்திருக்கிறது. ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசிஸ் நாவலின் நாயகன் லியோபோல்ட் புளூம் வீட்டு அலமாரியில் சாண்டோவின் புத்தகம் இருக்கிறது. அந்தப் பயிற்சிகளைத் திரும்ப ஆரம்பிக்கணும் என்று அவர் மனசுக்குள் நினைத்துக்கொள்கிறார். இன்னொரு சுவாரஸ்யம், புளூம் பார்ப்பது பத்திரிகைக்கு விளம்பரம் பிடிக்கும் வேலை. விளம்பரத்தால் பிழைப்பவரே விளம்பர உடம்புக்கு மயங்குகிறார்.

ஆல்பர்ட் ஹாலில் ஆணழகன் போட்டி

1901 செப்டம்பர் 14. லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் நிரம்பி வழிந்தது. சாண்டோவின் பயிற்சி முறையைப் பின்பற்றியவர்களுக்கான பிரமாண்டப் போட்டி அது. நாடு முழுக்கப் பல மாதங்கள் தேர்வு நடத்தி, இறுதிச்சுற்றுக்கு ஆட்களை அழைத்து வந்திருந்தார்கள். நடுவர்கள் மூன்று பேர்: சிற்பி சார்லஸ் லாஸ், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில், மூன்றாவது சாண்டோவே. வென்றவர் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே. பரிசு, சாண்டோவின் உருவத்திலேயே செய்த தங்கச் சிலை.

பெரிய அளவில் நடந்த முதல் ஆணழகன் போட்டி என்று இதைத்தான் சொல்கிறார்கள். இன்றும் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் வெல்பவருக்கு சாண்டோ சிலைதான் கோப்பை. 1977லிருந்து இந்த வழக்கம்.

அதே 1901ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக சாண்டோவின் முழு உடம்பையும் பிளாஸ்டர் அச்சு எடுத்தார்கள். ஐரோப்பிய இனத்தின் உச்ச வடிவம் இது என்று காட்டுவதுதான் நோக்கம். உடம்பை அளந்து மனிதர்களை மேல், கீழ் என்று பிரித்த காலம் அது. கோக்கோ விற்ற அதே உடம்பு, இனப்பெருமையையும் சேர்த்து விற்றது. ஆனா விமர்சனம் கிளம்பியதால் அந்த உருவம் சீக்கிரமே பார்வையிலிருந்து அகற்றப்பட்டது.

இந்தியா வந்த சாண்டோ

1904-05ல் சாண்டோ இந்தியா வந்தார். பம்பாய், கல்கத்தா உள்ளிட்ட ஊர்களில் நிகழ்ச்சிகள் நடந்தன. ஆங்கிலேய அதிகாரிகள் மட்டுமல்ல, இந்தியர்களும் திரளாக வந்து பார்த்தார்கள்.

அந்த நேரத்தின் அரசியலையும் சேர்த்துப் பார்க்கணும். இந்தியர்கள், குறிப்பாக வங்காளிகள், ஆண்மை குறைந்தவர்கள், அதனால்தான் அவர்களை ஆள வேண்டியிருக்கிறது என்பது ஆங்கிலேயர்கள் பரப்பிய கருத்து. 1905ல் வங்கப் பிரிவினை, சுதேசி இயக்கம். அப்போது உடம்பை வலுப்படுத்துவது பல இளைஞர்களுக்கு மானப் பிரச்சினை. கர்லாக்கட்டை, தண்டால், மல்யுத்தம் என நம்ம மண்ணில் ஏற்கெனவே இருந்த பயிற்சிகளோடு சாண்டோவின் டம்பெல்லும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பிய இனத்தின் பெருமையாகக் காட்டப்பட்ட உடம்பை வைத்தே, அதே ஐரோப்பியரின் ஏளனத்துக்கு இந்திய இளைஞர்கள் பதில் சொன்னார்கள்.

பெங்களூருவில் கே.வி. ஐயர், மேற்கத்திய உடற்கட்டுப் பயிற்சியையும் யோகாசனம், சூரிய நமஸ்காரத்தையும் இணைத்துக் கற்றுக்கொடுத்தார். 1930ல் தன் உடம்பின் படங்களோடு புத்தகம் போட்டார், தபாலிலும் பயிற்சி விற்றார். சாண்டோ போட்ட பாதைதான் அது.

தமிழ்நாட்டில் சாண்டோ என்பது ஒரு பட்டமாகவே மாறியது. உடம்பை நன்றாக வளர்த்தவர் பெயருக்கு முன்னால் ஊர்க்காரர்கள் சாண்டோவைச் சேர்த்தார்கள். கோவையிலிருந்து வந்து, எம்.ஜி.ஆரை வைத்துத் தொடர்ந்து படங்கள் எடுத்த சின்னப்பா தேவருக்கும் அந்தப் பட்டம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. தோளும் கையும் தெரியும்படி இருக்கும் பனியனுக்கும் அதே பெயர் நிலைத்தது.

கோக்கோ கவிழ்த்த கதை

1911ல் பிரிட்டன் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், சாண்டோவைத் தன் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார். சிறையிலிருந்து அல்ல, சர்க்கஸிலிருந்து வந்தவர்தான் என்றாலும் அரண்மனை அங்கீகாரம் சாதாரண விஷயமில்லை. 1906லேயே அவர் பிரிட்டிஷ் குடியுரிமையும் வாங்கிவிட்டார். புகழின் உச்சி அதுதான்.

அந்தத் தைரியத்தில் பெயரைப் பல பொருட்களில் ஒட்டினார். பெண்களுக்கான இடுப்புக் கச்சை ஒன்று. அடுத்து, ஆரோக்கியமும் வலிமையும் தரும் என்ற விளம்பரத்தோடு சாண்டோ கோக்கோ. லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸில் தொழிற்சாலையே வந்தது. ஆனா கோக்கோ சந்தையில் கேட்பரி, ஃப்ரை, ரௌண்ட்ரீ என்ற பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனங்கள் ஏற்கெனவே இருந்தன. டம்பெல்லுக்கு அவருடைய தோள் சாட்சி சொல்லும். கோக்கோவுக்கு எந்தத் தசை சாட்சி சொல்லும்?

1914ல் முதல் உலகப்போர் வெடித்தது. பிரிட்டனில் ஜெர்மானியர் எல்லார் மீதும் சந்தேகம், வெறுப்பு. குடியுரிமை வாங்கியிருந்தாலும் சாண்டோ பிறப்பால் ஜெர்மானியர்தானே? கோக்கோ நிறுவனம் 1916ல் மூழ்கியது. தொழிற்சாலை கைமாறி, பின்னாளில் நெஸ்லேவிடம் போனது.

உடம்பே பிராண்டாக இருந்ததில் ஓர் ஆபத்து இருந்தது. நிறுவனம் மீது வெறுப்பு வந்தால் பெயர்ப் பலகையை மாற்றலாம். உடம்பு மீது வெறுப்பு வந்தால் அதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

பெயர் இல்லாத கல்லறை

1925 அக்டோபர் 14. லண்டன் ஹாலண்ட் பார்க் அவென்யூ வீட்டில் சாண்டோ இறந்தார். வயது 58. பள்ளத்தில் சிக்கிய காரை ஒற்றை ஆளாகத் தூக்கியதால்தான் இறந்தார் என்று ஒரு கதை பரவியது. மகா ரத்தக்குழாய் வீங்கி வெடித்ததே மரணத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. சாகும்போதும் எடை தூக்கித்தான் செத்தார் என்று நம்பவே ஊர் விரும்பியது.

லண்டன் பட்னி வேல் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். மனைவி பிளாஞ்ச் கல்லறைக்குப் பெயர்க் கல்கூட வைக்க விடவில்லை. மணவாழ்க்கையில் இருந்த கசப்பே காரணம் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் கருதுகிறார்கள். உலகமே பார்த்த உடம்பு, 75 வருடங்களுக்கும் மேல் அடையாளம் இல்லாமல் கிடந்தது. 2002ல்தான் ஒரு ரசிகர் கல் வைத்தார். 2008ல் குடும்ப வாரிசு ஒருவர் அந்த இடத்தில் பெரிய நினைவுக்கல்லை நிறுவினார்.

சாண்டோவுக்குப் பிறகு என்ன ஆச்சு?

சாண்டோ காட்டிய சூத்திரத்தைப் பிறகு வந்தவர்கள் கூர்மையாக்கினார்கள். 1920களில் அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் தபால்வழிப் பயிற்சி விற்றார். கடற்கரையில் முகத்தில் மணல் வீசப்பட்டு, காதலி முன்னால் அவமானப்படும் ஒல்லிப் பையன், பயிற்சி செய்து திரும்பி வந்து பழிதீர்க்கிறான். இதுதான் அவருடைய படக்கதை விளம்பரம். சாண்டோ ஆரோக்கியத்தை முன்வைத்தார் என்றால், அட்லஸ் அவமானத்தை முன்வைத்தார். 1982ல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் கால்வின் கிளைன் உள்ளாடை விளம்பரப் பலகை எழுந்தது. அதில் ஆணின் உடம்பு ஆரோக்கியத்தின் பெயரைக்கூட இழுக்காமல், அழகுக்காகவே நின்றது.

பெண் உடம்பை விளம்பரத்தில் பயன்படுத்துவது பற்றி நிறையப் பேசப்படுகிறது. அது நியாயமும்கூட. ஆண் உடம்பு பற்றிய பேச்சு குறைவு. பார்ப்பவர் சிரித்துவிட்டுப் போவார், அவ்ளோதான். ஆனா ஜிம்மில் சேர்ந்த மூன்றே மாதத்தில் போஸ்டரில் இருக்கும் உடம்பு வரவில்லையே என்று ஊசிக்கும் மாத்திரைக்கும் போகும் பையன்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஸ்டீராய்டை டாக்டர் ஆலோசனை இல்லாமல் எடுத்தால் இதயம், கல்லீரல், விந்தணு உற்பத்தி வரை பாதிப்பு வரும் என்பது மருத்துவம் தெளிவாகச் சொல்லும் விஷயம்.

சாண்டோ காலத்தில் அந்த ஊசிகள் இல்லை. அவர் விற்ற டம்பெல் யாரையும் சாய்க்கவில்லை. உடற்பயிற்சி சாதாரண மனிதனுக்கும் உரியது என்ற எண்ணத்தைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா கருவியோடு சேர்த்து ஒரு படத்தையும் அவர் வீட்டுக்கு வீடு அனுப்பினார். அந்தப் படத்தில் இருப்பவர் இளவயது முதல் அதையே தொழிலாகக் கொண்டவர், நல்ல வெளிச்சத்தில், பவுடர் பூசி, தேர்ந்த கலைஞரின் கேமரா முன் நின்றவர். கீழே அந்த விவரத்தை யாரும் அச்சடிக்கவில்லை. இன்றும் அச்சடிப்பதில்லை.